நாலு கால்லயும் நிக்கட்டும்

இரண்டு கைகளும் குதிரைச் சேணத்தின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தன. வலது கை ஊசி முனையால் நூலை நெம்ப, இடது கை அதைத் தோல் கிழியாமல் உருவியது. துணியில் தையல் தவறினால் துளை மூடிக்கொள்ளும். தோலில் மூடாது. திரும்பத் தைக்கும்போதும் அதே துளைகள் வழியாகத்தான் ஊசி போக வேண்டும்.

நேற்று மாலைவரை அது முடிந்துபோன வேலை.

சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை கட்டுகிற அந்தப் பெண்ணைத் தெருவில் எல்லோரும் ஆணியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலையின்போது சிறு ஆணிகளை உதட்டில் கவ்வியிருப்பார். எதைக் கேட்டாலும் ‘ம்’, ‘ம்ஹூம்’ இரண்டுதான் பதில். “ரகசியம் சொல்றதுன்னா அக்காகிட்டதான் சொல்லணும். வாயத் தொறந்தா ஆணி கொட்டிடும்ல!” என்பார் பக்கத்துக் கடை முடிதிருத்துபவர்.

ஆணியக்காவின் தம்பி பஸ் ஓட்டுகிறார். அவருடைய மகளுக்கு ஏழு வயது. பிறந்ததிலிருந்தே இடுப்பில் பிடிமானம் இல்லை. எங்கே உட்கார வைத்தாலும் சரிந்துவிடுவாள். ஊர் எல்லையில், இப்படிப்பட்ட குழந்தைகளைக் குதிரையில் ஏற்றிப் பயிற்சி தரும் ஓர் அறக்கட்டளை இருந்தது. அங்கே ஒரு கிழட்டுப் பெண்குதிரையின் மேல் மட்டும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குதிரையின் நடை அவள் முதுகுக்கு வேலை கொடுக்கிறது என்றார் பயிற்சி டீச்சர். இடுப்பைத் தாங்கும் சேணம் நைந்து கிழிந்ததும் அதுவும் நின்றுபோனது. புதிது வாங்க அறக்கட்டளையிடம் பணமில்லை.

“நான் தைக்கிறேன். தோலுக்கு மட்டும் வழி பண்ணணும்” என்றார் ஆணியக்கா.

வழியையும் அவரே கண்டுபிடித்தார். வீட்டுக்கு வீடு உடைந்த நாற்காலி வாங்கி, புதிதாக மெத்தை கட்டி, பள்ளிக்கூட மண்டபத்தில் ஏலம் விட்டார். தெருவே திரண்டு வந்தது.

“நான் சும்மா குடுத்த நாற்காலிய நானே காசு போட்டு வாங்கிட்டுப் போறேன். இந்த அநியாயத்த யார்கிட்ட சொல்ல?” என்று மளிகைக்கடைக்காரர் புலம்பினார்.

“குடுக்கறப்ப அது வெறகு அண்ணே. இப்பப் பாருங்க, மாப்பிள்ளை மாதிரி நிக்குது” என்றார் முடிதிருத்துபவர். அவருக்கு வேறொரு நாற்காலி மேல் கண். ஆணியக்கா கடை வாசலில், வருகிறவர்கள் உட்காரப் போட்டிருந்த தோல் நாற்காலி அது. தினமும் அவர்தான் அதில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார். “அதையும் ஏலத்துல விடுங்களேன் அக்கா.”

“ம்ஹூம்.”

ஏலத்தில் வந்த பணம் தோலுக்கும் கம்பளிக்கும் வார்பூட்டுக்கும் சரியாகப் போய்விட்டது. மிச்சம் எதுவும் இல்லை.

சேணத்துக்கு அளவெடுக்கும்போது குதிரை முதுகின் மேல் மெல்லிய கம்பியை வளைத்து, அதே வளைவில் அட்டை வெட்டினார். இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. கம்பி காட்டியபடியே அந்தப் பக்கம் கூடுதலாகக் கம்பளி அடைத்தார். தைத்து முடித்து நேற்று கொண்டுபோய் வைத்து, குழந்தையைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவள் வலது பக்கமாகச் சரிந்தாள். மறுபடி உட்கார வைத்தார்கள், மறுபடியும் சரிந்தாள். தம்பியின் முகம் செத்துப்போனது.

“இதுல ஏத்த முடியாது அக்கா. தப்பா நெனைக்காதீங்க” என்றார் டீச்சர்.

“கம்பி போட்டு எடுத்த அளவும்மா. கம்பி பொய் சொல்லாது.”

குதிரைக்காரர் தாடையைச் சொறிந்தபடி குதிரையைக் காட்டினார். “அளவெடுக்கறப்ப இவ எப்படி நின்னா?”

“சாதுவாத்தான் நின்னா.”

“சாதுவாவா? அப்பத் தூங்கியிருக்கா கழுத. தூங்கறப்ப ஒரு பின்னங்கால மடக்கி வெச்சுக்குவா. இடுப்பு அந்தப் பக்கம் எறங்கிடும்.”

ஆணியக்கா குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “என் சோபா எதுவும் ஒத்தக் கால்ல நின்னதில்லையே” என்றார்.

குதிரைக்காரர் ஒரு பிடி புல்லை மூக்குக்கு நேரே காட்டி அதை விழிக்க வைத்தார். நாலு காலும் தரையில் அழுந்திய பிறகு அளவெடுத்தபோது, முதுகு இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. திரும்பி வரும் வழியெல்லாம் ஆணியக்கா பேசவில்லை, வாயில் ஆணி இல்லாமலேயே.

இப்போது தையல் பிரிந்துவிட்டது. கூடுதலாக அடைத்த கம்பளியை உருவியெடுத்ததும் தோல் தொளதொளவென்று தொங்கி மடிந்தது. அந்த மடிப்பு குழந்தையின் தொடையை அறுத்துவிடும். துளை விழுந்த தோலை வெட்டிக் குறைத்துத் தைக்கவும் முடியாது, அந்தப் பக்கத் தோலையே மாற்ற வேண்டும். தோலுக்கு எங்கே போவது?

“தெருவுல இன்னொரு தடவ கேக்கலாமா அக்கா?” என்றார் தம்பி தயங்கியபடி.

“அவங்க குடுத்தாச்சு. கெடுத்தது நானு.”

எழுந்து வாசலுக்குப் போனார். தோல் நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தார்.

சத்தம் கேட்டு முடிதிருத்துபவர் கத்தரிக்கோலும் கையுமாக ஓடிவந்தார். “ஐயோ அக்கா, என் நாற்காலி!”

“உன்னோடதா?”

“நான் தேய்ச்சுத் தேய்ச்சுத்தானே அது இவ்ளோ மெத்துன்னு ஆச்சு! இனிமே நான் எங்க உக்காருவேன்?”

“நில்லுப்பா. ரெண்டு கால்லயும் சமமா நில்லு.”

முடிதிருத்துபவர் சொன்னது சரிதான். பலர் உட்கார்ந்து பழகிய தோல் வெண்ணெய் மாதிரி வளைந்தது. பழைய துளைகளுக்கு நேராக நாற்காலித் தோலில் துளையிட்டு, ஒவ்வொன்றாக ஊசியைச் செலுத்தி ஆணியக்கா தைத்து முடித்தார். ஒரு பக்கம் கறுப்பு, மறு பக்கம் வெளுத்த பழுப்பு. முடிதிருத்துபவர் கையால் தடவிப் பார்த்துவிட்டுத் தன் கடைக்குத் திரும்பினார்.

குதிரை லாயத்தில் குதிரைக்காரர் சேணத்தை வாங்கக் கை நீட்டினார். ஆணியக்கா கொடுக்கவில்லை. குதிரையின் பின்னங்கால்களையே பார்த்தபடி நின்றார்.

“நாலு கால்லயும் நிக்கட்டும்.”

நின்றது. சேணம் ஏறியது, வார் இறுகியது. தம்பி மகளைத் தூக்கி உட்கார வைத்து, தாங்கிய கையை எடுக்கப் பயந்தார். டீச்சர் தலையசைத்த பிறகு எடுத்தார். குழந்தை ஆடினாள், நிமிர்ந்தாள், அப்படியே இருந்தாள்.

குனிந்து மோந்து பார்த்தாள். “அத்த, இது உங்க கட நாற்காலி வாசன அடிக்குது.”

“ம்” என்றார் ஆணியக்கா. சேணத்தின் முன்னாலிருந்த கைப்பிடியை நிமிர்த்தி, குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கி வைத்தார். “இந்தாடி, பிடிச்சுக்கோ. உன்னோடது.”