காற்றை இறுக்கிப் பிடித்தவள்

உங்கள் உடம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது உனக்கு வராது" என்று யாராவது சொன்னால், "எதை வைத்து அளந்தாய்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறீர்களா? வைமாரி போஹாட்டு முப்பத்தெட்டு வயதுவரை கேட்டதில்லை. கேட்டது ஒரு சனிக்கிழமை மத்தியானம், குதிக்கும் மைதானத்து வெள்ளைப் பலகைக்கு முன்னால்.

ஆட்டுக்கு மயிர் கத்தரிப்பது அவள் தொழில். இருபது வருடமாக, நாளொன்றுக்கு நூற்றைம்பது ஆடு. கொட்டகைக் கதவில் முதலில் அவள் தோள் நுழையும், அப்புறம்தான் அவள். வார இறுதியில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் மைதானத்துக்கு வண்டியை விரட்டி, விமானத்தில் ஏறி, பதினாலாயிரம் அடியிலிருந்து பாராசூட்டோடு குதிப்பாள். குப்புற விழுவதில் கெட்டிக்காரி. இப்போது அவளைப் பிடித்திருந்த ஆசை வேறு. காற்றில் நாற்காலி போட்டதுபோல உட்கார்ந்தும், நின்றும், தலைகீழாகவும் பறக்கிற ஃப்ரீஃப்ளை. ஈஸ்டர் ஞாயிறன்று எட்டுப் பேர் உட்கார்ந்தபடியே வானத்தில் கைகோக்கப் போகிறார்கள். பலகையில் எட்டாவது பெயர் அவளுடையது. அதன்மேல் ஒரு கோடு கிழிக்கப்பட்டிருந்தது.

கிழித்தவன் பயிற்சியாளன் ஜேரட். வயது இருபத்தாறு.

"கோச்சுக்காத வை. உக்காந்தா பின்னாடியே வழுக்கிட்டுப் போற. அடுத்துக் குதிக்கிறவங்க மேல போய் இடிச்சா என்ன ஆகும்?"

"வழுக்குறேன், சரி. ஏன் வழுக்குறேன்?"

"உடம்புதான். ஃப்ரிட்ஜை வெளிய தள்ளுன மாதிரி வேகமா விழுற. வளையவும் மாட்டேங்குற. இது ரப்பர் மாதிரி இருக்கிறவங்க ஆடுற ஆட்டம்."

ரப்பர் மாதிரி ஒருவன் பக்கத்திலேயே இருந்தான். பலகையில் ஏழாவது பெயர்க்காரன் எலியட், யோகா வாத்தியார். காலைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வான். வானத்தில் அவன் கைகால் கொடியில் காயும் துணிபோலப் படபடக்கும். அவனும் வழுக்கத்தான் செய்தான். அவன் பெயர்மேல் கோடு இல்லை.

"எலியட் வழுக்கலையா?"

"அவனுக்குப் பழகப் பழக வந்துரும்."

"ஓஹோ. அவன் வழுக்கினா பழக்கம், நான் வழுக்கினா உடம்பா?"

பாராசூட் மடித்துக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றன. எலியட் தலையைச் சொறிந்தான். "அவ கேக்குறது நியாயம்டா. என் காலு எங்க போகுதுன்னு எனக்கே தெரியல."

அவள் விடவில்லை. தலைக்கவசத்துக்குள் உயரத்தைக் கூவிச் சொல்லும் சின்னக் கருவி, விழுந்த வேகத்தையும் பதிந்து வைக்கும். அவளுடையது மணிக்கு இருநூற்று அறுபத்திரண்டு கிலோமீட்டர். மற்றவர்கள் இருநூற்றைம்பது. பன்னிரண்டு கிலோமீட்டர் வித்தியாசம். காற்றைப் பிடிக்கிற மாதிரி தொளதொளவென்று ஒரு கால்சட்டை போட்டால் தீர்ந்துபோகிற விஷயம்.

ஜேரட் அந்த எண்ணை இரண்டு முறை பார்த்தான். "அட" என்றான்.

கோடு கிழித்தது தப்பில்லை. வழுக்குகிறவர்களைக் குழுவில் விட்டால் உயிர் போகும். அவன் சொன்ன காரணம்தான் பொய். சரியான முடிவுக்குப் பொய்க் காரணம் சொல்லிவிட்டால் அடுத்து யாரும் தேடமாட்டார்கள். அதுதான் அதில் இருக்கிற அநியாயம்.

"ஈஸ்டருக்கு முந்தின நாள் ஒரு குதி, நீயும் நானும்" என்றான் ஜேரட். "இருபது விநாடி வழுக்காம உக்காரு. பேர நானே எழுதுறேன்."

"எலியட்டுக்கும் அதே சோதனை."

எலியட்டே பேனாவை வாங்கித் தன் பெயர்மேல் கோடு கிழித்துக்கொண்டான். இன்னும் ஆறு வாரம் இருந்தது.

அன்று சாயங்காலம், தான் குதித்தபோது எடுத்த வீடியோவை அவள் திரும்பத் திரும்ப ஓட்டினாள். கைகளை விரித்துப் பின்னால்தான் வைத்திருந்தேன் என்று அடித்துச் சொல்லியிருப்பாள். படத்தில் அவை ஆட்டைப் பிடித்திருப்பதுபோல மார்புக்கு முன்னால் வளைந்திருந்தன. தோள் சுருண்டு, உடம்பு முன்னால் கூன, காற்று மார்பில் மோதிப் பின்னால் தள்ளியது.

திங்கட்கிழமை தேநீர் இடைவேளையில் கொட்டகைச் சுவரில் முதுகை ஒட்டி நின்று, முழங்கையை மடக்கிக் கைகளை உயர்த்தினாள். பக்கத்து இடத்தில் கத்தரிக்கும் டூகல் வாயில் கேக்கோடு நின்றான்.

"யாரு சுட வர்றாங்க வை?"

"மூடு. முதுகு ஒட்டியிருக்கா பாரு."

"முதுகு ஒட்டியிருக்கு. கைதான் சரணடைய மாட்டேங்குது."

சுவருக்கும் கைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. குனிந்தே வேலை செய்கிறவர்களின் இடுப்பைத் தாங்க, கூரையிலிருந்து சுருள்கம்பியில் மார்புப்பட்டை ஒன்று தொங்கும். அவள் அதை முதுகுப்பக்கம் மாட்டிச் சாய்ந்தாள். கைகள் தம் எடையிலேயே பின்னால் தொங்கின.

"அடிப்பாவி, அது முன்னாடி மாட்டுறது!"

"இன்னைக்கு இல்ல."

நான்காவது வாரம் இடைவெளி ஒரு விரலாகச் சுருங்கியது. ஆனாலும் வானத்தில் வழுக்கினாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தோள் திறந்துவிட்டது, தொளதொளக் கால்சட்டையில் வேகமும் சரியாகிவிட்டது, பின்னே என்ன?

பதில் ஒரு கிடாவிடமிருந்து வந்தது. எரிச்சலில் அவள் அதை இறுக்கிப் பிடித்தாள். அது முழங்காலில் உதைத்தது. மறுகணம் பிடியைத் தளர்த்தி, அதன் எடையைத் தொடையில் வாங்கி உட்காரவைத்தாள். அது கண்ணை மூடிக்கொண்டது. வைமாரி அப்படியே நின்றாள். இறுக்கினால் உதைக்கும், தாங்கினால் அடங்கும் என்று இருபது வருடமாகக் கைக்குத் தெரியும். வானத்தில் மட்டும் காற்றின் கழுத்தை நெரிப்பதுபோல இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அவளுடைய தசை குற்றவாளி இல்லை. எல்லாத் தசையையும் ஒரே நேரத்தில் முறுக்கியதுதான் குற்றம்.

சோதனை நாள் வந்தது. விமானக் கதவிலிருந்து விழுந்து, உட்கார்ந்தாள். தொடையின் அடியில் காற்று வந்து முட்டியது. அவள் அதைத் தள்ளவில்லை, எடையை அதன்மேல் வைத்தாள். எதிரே ஜேரட்டின் முகம் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. இருபது, முப்பது, முப்பத்தைந்து விநாடி.

தரையிறங்கியதும் ஜேரட் ஓடி வந்தான். "ஒரு சாண்கூட நகரல! எத்தனை கிலோ குறைச்ச?"

புதிதாகக் குதிக்க வருகிறவர்களை எடை பார்க்கும் மேடையில் அவள் ஏறி நின்றாள். இரண்டு கிலோ கூடியிருந்தது.

எலியட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆறு வாரம் வைமாரியின் கொட்டகையில் கம்பளி மூட்டை தூக்கிக் கைகாலை அடக்கியவன் அவன். இருபத்தொரு விநாடி வழுக்காமல் உட்கார்ந்து அவனும் தேறியிருந்தான்.

ஜேரட் பேனாவை எடுத்து இரண்டு பெயரையும் எழுதினான். "ஒத்துக்கிறேன் வை. நான் சொன்ன காரணம் தப்பு. என் வாழ்க்கையிலேயே மொத தடவையா..."

"கார்ட்டன்!" என்று மைதானமே கத்தியது. இங்கே எதையாவது முதல் தடவை செய்ததாக வாய்தவறிச் சொன்னவன் எல்லோருக்கும் ஒரு பெட்டி பீர் வாங்கவேண்டும். தப்பை ஒத்துக்கொண்டதற்காக அதை வாங்கியவன் அவன் ஒருவன்தான்.

உங்களுக்கும் யாரோ ஒருவர் எதன்மேலோ கோடு கிழித்திருப்பார். இன்றைக்கே சுவரில் முதுகை ஒட்டி நின்று கையைத் தூக்கிப் பாருங்கள். எத்தனை விரல் இடைவெளி என்று அளந்துகொண்டு, கோடு கிழித்தவரிடம் போய்க் காரணம் கேளுங்கள்.