சிம்னியில் ஊதிய மூச்சு

இது கதையில்லை. நடந்தது. நடந்த இடம் மந்தைவெளி. ஐவி அக்கா இன்னும் அதே மாடி வீட்டில்தான் இருக்கிறாள், அதனால் தெருப்பேரை மட்டும் சொல்லவில்லை. அவள் இதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், அதுவும் மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டு.

ஐவிக்குப் பொம்மை ரயில்களைப் பழுதுபார்க்கும் வேலை. பொம்மை என்றால் ரயில்காரர்களுக்குக் கோபம் வரும், மாடல் என்று சொல்ல வேண்டும். தி.நகர், அடையாறு பக்கம் வீட்டு ஹாலிலேயே தண்டவாளம் போட்டு வைத்திருக்கிற ஆட்கள் உண்டு. அவர்களுடைய பழைய நீராவி இன்ஜின்களில் புகைக்கென்று ஒரு சின்னக் குழாய் இருக்கும். நாலு சொட்டு எண்ணெய் விட்டால் உள்ளே கம்பி சூடாகி, ஊதுபத்தி மாதிரி ஒரு கோடு புகை வரும். அவ்வளவுதான். இப்போது குட்டி ஃபேன் வைத்த யூனிட் வந்துவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்ற ஃபேன் புகையைக் குப் குப்பென்று வெளியே தள்ளும், நிஜ ரயில் மாதிரி. பழையதைக் கழற்றி இதைப் பொருத்தித் தரச் சொல்லித்தான் ஐவியிடம் நிறையப் பேர் வருவார்கள்.

அந்த ஐப்பசி மழையில் தி.நகரிலிருந்து பாலகணேஷ் என்பவர் ஒரு கறுப்பு இன்ஜினைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார்.

"அப்பாவோடது மேடம். ஞாயித்துக்கிழமை அவருக்கு முதல் வருஷத் திவசம். சொந்தக்காரங்க எல்லாம் வராங்க, ஹால்ல ஓட்டிக் காட்டணும்."

"புகை வருதா?"

"கடைசியா அப்பா ஓட்டினப்பவே வரலை."

வாசலிலேயே கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

உள்ளறையில் விக்டர் இருமினார். விக்டர் ஐவியின் கணவர், பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். போன வருடக் காய்ச்சலில் நுரையீரல் பாதி கெட்டுவிட்டது. மூச்சை இழுத்தால் விசில் மாதிரி சத்தம் வரும். இன்னொரு தடவை சளி கட்டினால் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் ஐவியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதனால் வேலை செய்யும்போதும் அவளுடைய ஒரு காது உள்ளறையில்தான் இருக்கும். விசில் கேட்டால் நிம்மதி. கேட்காவிட்டால் எழுந்து ஓடுவாள்.

மறுநாள் மதியம். வெளியே நல்ல மழை.

இன்ஜினின் மேல்கூட்டைக் கழற்றினாள். பழைய குழாய் அசையவில்லை. லேசாகச் சூடு காட்டி இழுத்தாள். வந்தது. சிம்னியின் விளிம்பில் ஏதோ ஈரம். ஒரு வருடமாக ஓடாத இன்ஜின்... எண்ணெயாக இருந்தால் வழுக்கும். இது வழுக்கவில்லை. எச்சில் மாதிரி இருந்தது.

துடைத்துவிட்டாள்.

புது யூனிட்டைப் பொருத்தினாள். அதற்குள் இருக்கும் திரியில் எண்ணெய் விட்டாள். இரண்டு கிளிப்பை மாட்டிக் கரண்ட் கொடுத்தாள். சூடு ஏறியது. புகை வரவில்லை.

இது வழக்கமாக நடப்பதுதான். சிம்னியின் கழுத்தில் எண்ணெய் குமிழி கட்டி அடைத்துக்கொள்ளும். இந்த வேலை தெரிந்த எல்லோரும் அதற்கு ஒன்றுதான் செய்வார்கள். சிம்னியில் வாயை வைத்து மெதுவாக ஒரு ஊது. குமிழி உடைந்துவிடும்.

ஐவியின் இரண்டு கையிலும் ஒயர். விக்டர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"இன்னா ஐவி, உன் வண்டிக்கும் வீசிங்கா?"

"போய்ப் படுங்க. இந்த வாடை உங்களுக்கு ஆவாது."

"தோ பார்றா! டாக்டரு பந்தை ஊது, பலூனை ஊதுன்றாரு. இத்த ஊதுனா மட்டும் ஆவாதா? நகரு."

ஐவி சிரித்துவிட்டாள். அவர் குனிந்தார். சிம்னியில் வாய் வைத்தார்.

ஊதினார்.

புகை வந்தது. வெள்ளையாக, தடியாக.

குப்...

ஐவி சக்கரத்தைப் பார்த்தாள். சுற்றவில்லை. சக்கரம் சுற்றாமல் ஃபேன் தள்ளாது.

குப்...

கிளிப் இரண்டையும் பிடுங்கினாள்.

குப்...

சீராக வரவில்லை. இழுத்து, தயங்கி, நின்று... கூடவே உள்ளேயிருந்து மெல்லிய ஒரு விசில்.

அந்த விசிலை அவளுக்குத் தெரியும்.

திரும்பினாள்.

விக்டர் நிமிர்ந்து நின்றார். வாய் மூடியிருந்தது. நெஞ்சு அசையவில்லை.

"என்னங்க..."

அசையவில்லை.

"என்னங்க!"

மெதுவாக நெஞ்சு ஏறியது. ஆழமாக. பிறகு இறங்கியது.

சத்தமே இல்லை.

இன்ஜினில் புகை நின்றுவிட்டது.

"அப்பாடா," என்றார் விக்டர். "மூச்சு விட்டு எவ்வளவு நாளாச்சு..."

அன்றிலிருந்து இருமல் இல்லை. மாடிப்படியில் ஏறி இறங்கினார். டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "எனக்கே நம்ப முடியலம்மா" என்றார். ஐவி சாந்தோம் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றி, வாய்விட்டு அழுதாள். கேட்டதைக் கொடுத்துவிட்டார் ஆண்டவர். அதற்குப் பிறகு சின்னச் சின்ன விஷயங்களை யார் கவனிப்பார்கள்? சாப்பாட்டுக்கு முன்னால் அவர் சிலுவை போடவில்லை. கிண்டல் பேச்சு நின்றுபோனது. படுக்கையில் தான் எப்போதும் படுக்கும் பக்கம் எது என்று தெரியாமல் நின்றார். இருட்டில் அந்த விசில் இல்லாமல் ஐவிக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை பாலகணேஷ் வந்து இன்ஜினை வாங்கிப் போனார். விக்டர் குளித்துக்கொண்டிருந்தார். வெளியே வந்தவர் காலி மேசையையே பார்த்தார்.

"கொண்டு போயிட்டானா?"

அவன் இவன் என்று யாரையும் சொல்கிற ஆளே இல்லை விக்டர். பாலகணேஷை அவர் பார்த்ததும் இல்லை.

ஞாயிறு. சாந்தோமில் பூசை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது.

"மேடம், சவுண்டு யூனிட்டும் போட்டீங்களா?" பாலகணேஷின் குரல்.

"இல்லையே சார். புகை மட்டும்தான்."

"நின்ன இடத்துல புகை விடுது. ஒயரெல்லாம் பிடுங்கியாச்சு. இருமுது மேடம்... மனுஷன் மாதிரி. நடுவுல ஐவி, ஐவின்னு..."

ஐவி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உங்ககிட்ட சொல்லலை. அப்பா போனதே இந்த இன்ஜின் முன்னாலதான். புகை வரலைன்னு சிம்னில வாய் வெச்சு ஊதினாரு. ஊதின மூச்சைத் திரும்ப இழுக்கவே இல்லை. நாங்கதான் வாயை எடுத்துவிட்டோம்..."

போனுக்குள் இருமல் கேட்டது.

"புகை குறைஞ்சுகிட்டே வருது மேடம்."

"எண்ணெய்!" ஐவி கத்தினாள். "எண்ணெய் விடுங்க சார்! தீர விடாதீங்க!"

பின்னாலிருந்து ஒரு கை போனை மெதுவாக வாங்கியது.

"பாலூ," என்றார் விக்டர். "வேணாம்டா. விட்டுடு."

மறுமுனையில் கூட்டத்தின் சத்தம் அடங்கியது.

"மேடம்... பக்கத்துல யாரு?"

அவர் கையிலிருந்த போனுக்குள், தூரத்தில், தி.நகர் ஹாலில், ஒரு விசில் இழுத்தது...

நின்றது.

அடுத்தது வரும் என்று அவள் காதைக் கொடுத்துக்கொண்டே நின்றாள்.