மாப்பிள்ளை முட்டையிட்ட கதை

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. கற்றுக்கொள்ள வந்தவர் வண்டியைச் சுவரில் கொண்டுபோய் முட்டப் பார்த்தாலும், பக்கத்து இருக்கையில் இருந்தபடி தன் காலடி பிரேக்கை ஆற அமர மிதிப்பாள். பதற்றமா, அவளுக்கா?

வீட்டு முன்னறைத் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன்கள் இருந்தன. பெரியது பெண். அதன் பின்னாலேயே சுற்றிய சின்ன ஆணுக்கு மாப்பிள்ளை என்று பெயர். பெரியது செத்துப்போனதும், மாப்பிள்ளை கவிழ்த்து வைத்த மண்சட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இரையைத் தொடவில்லை. தவித்துப்போனவர் அவள் கணவர்தான். ஈ ஓட்டிக்கொண்டிருந்த செல்போன் கடையை மூடியதிலிருந்து சமையலும் மீன்தொட்டியும் அவர் பொறுப்பு.

“பெரிய பொண்ணா ஒண்ணு வாங்கி விடலாமா?” என்றார்.

“வேண்டாங்க. இதுங்க எல்லாமே ஆணாத்தான் பிறக்கும். பெரியவ போயிட்டா அடுத்தது பொண்ணா மாறிடும். மாப்பிள்ளை மாறட்டும், அப்புறம் சின்னதா ஒண்ணு விடலாம்.”

வந்திருந்த அவள் அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். தங்கை கணவரை அவர் கூப்பிடுவதும் மாப்பிள்ளை என்றுதான்.

“இந்த வீட்டுல ரெண்டு மாப்பிள்ளையும் பொண்ணாயிட்டாங்கன்னு சொல்லு.”

நரம்பில்லாத நாக்கு. கரண்டியோடு சமையலறைக்குள் போன கணவர், அண்ணன் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அதன்பின் அண்ணன் வந்தாலே அப்படித்தான். அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. சண்டை போட்டால் இவர் இன்னும் கூனிக்குறுகுவார். முட்டை வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மாதங்கள் போயின. கணவர் ஊட்டிவிடாத குறையாகப் பார்த்துக்கொண்டதில் மாப்பிள்ளை தின்று கொழுத்தது. புதிதாக விட்ட பொடியனை விரட்டி அடக்கி வைத்தது. ஒரு ஞாயிறு காலை, மண்சட்டியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள். அவள் உடனே அண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டாள்.

ஒரு மீன் முட்டைகளைத் துடுப்பால் விசிறுவதும் வாயால் துடைப்பதுமாக இருந்தது. இன்னொன்று தன்பாட்டுக்கு மேலே நீந்தியது.

“பெத்தவ பெத்தவதான். எப்படிப் பாத்துக்கிறா பாரு,” என்று உருகினார் அண்ணன்.

“அது ஆம்பளைண்ணா. முட்டை போட்டவ அதோ, ஊர் சுத்துறா. வீட்டைப் பாத்துக்கிறது அப்பன்தான். அவன் இல்லேன்னா ஒரு முட்டை தேறாது.”

அண்ணன் தொட்டியை விட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“மாப்பிள்ளை, இங்க வாங்களேன். சேந்து சாப்பிடலாம்.”

கணவர் கரண்டியோடு வெளியே வந்தார்.

“எந்த மாப்பிள்ளையக் கூப்பிட்டீங்க, மச்சான்?”