பிழையில்லாத கடிதம்

ஆம்பூருக்கு வந்த முதல் மாதம், வீட்டுக்காரம்மா என்னிடம் வாங்கிய அரிவாள்மனையைத் திருப்பித் தர அவசரமாக ஓடிவந்தார். "ஆறுதலாத் தாங்கோ" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா, எல்லாம் சரியாய்டும்" என்றார். எங்களுக்கு ஆறுதலாக என்றால் மெதுவாக. அவர்களுக்கு அது துக்கம் கேட்கிற சொல். விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. ஒரே தமிழ்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று இலங்கையிலிருந்து படகேறிய உங்களில் பலருக்கும் இப்படி ஒரு நாள் வந்திருக்கும்.

நானும் மகள் சுமதியும் எண்பத்து நான்கில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோம். படுக்கையில் கிடந்த தமையனை விட்டுவர முடியாமல் என் கணவர் அங்கேயே நின்றுவிட்டார். அவர் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். தெரிந்த ஒருவர் மூலம் எனக்குச் செருப்புத் தொழிற்சாலையில், ஷூவின் மேல்பாகம் தைக்கும் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. ஜைபுன்னிசா என்ற அம்மாவின் வீட்டில், பின்பக்க அறையொன்றில் குடியிருந்தோம். அவர் வீட்டில் உருதும் எங்களோடு தமிழும் பேசுவார். தோல் பதனிடும் வாடை சாப்பாட்டிலும் ஏறியிருந்தது. சில மாதங்களில் அது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

சுமதிக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை மரியாதையாகத்தான் பேசினார். டி.சி. இல்லாமல் சேர்க்க முடியாது, வீட்டிலேயே படிக்கவைத்துப் பத்தாம் வகுப்பைப் பிரைவேட்டாக எழுத வையுங்கள் என்றார். கணக்கும் விஞ்ஞானமும் அவள் தானாகவே படித்துக்கொண்டாள். எழுத்துதான் வரவில்லை. ஊரில் பக்கம் பக்கமாக எழுதியவள், இங்கே கட்டுரைக்கென்று கொப்பியைத் திறந்தால் பேனையைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். தகப்பன் ஒவ்வொரு கடிதத்திலும், பிள்ளையின் கையால் இரண்டு வரி எழுதச் சொல்லும் என்று கேட்பார். நான்தான் அவளுக்குப் படிப்பு மும்முரம் என்று எழுதிச் சமாளித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வேலூருக்குப் போனேன். புத்தகக்கடைக்காரர் இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்தார். ஒன்று முழுக்க மாதிரிக் கட்டுரைகளும் கடிதங்களும். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் எழுதியே இருந்தது. மனப்பாடம் செய்தால் போதும். மற்றதில் ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றிரண்டு வரிகள், அதன் கீழே 'தொடர்ந்து எழுதுக', பிறகு வெற்றிடம். "பாஸ் பண்ணணும்னா மொதல் புக்கை எடுத்துக்குங்க. இது ஜாஸ்தி யாரும் வாங்கறதில்ல" என்றார் அவர். யாரோ எழுதியதை ஒப்புவிப்பது எழுத்தாகாது என்று என் கணவர் சொல்வார். அதை நினைத்துக்கொண்டு வெற்றிடமுள்ள புத்தகத்தை வாங்கினேன். வேறொன்றையும் யோசிக்கவில்லை. பிள்ளைக்கு நல்ல பாதையொன்றைக் கண்டுபிடித்துவிட்ட நினைப்பில் பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மழையைப் பற்றிய பக்கத்துக்கு நாலு வரி எழுதினாள். சந்தையைப் பற்றிய பக்கத்துக்கு மூன்று வரி. அதற்கடுத்த பக்கத்தில், 'எல்லோரும் உறங்கியபின் கதவைத் தட்டும் ஓசை கேட்டது' என்றிருந்தது. சுமதி அதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

"இதுக்குப் பிறகு என்ன நடந்ததெண்டு உங்களுக்குத் தெரியும்தானே அம்மா. பிறகேன் என்னை எழுதச் சொல்லுறீங்கள்?"

ஊரில் ஓர் இரவு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்கள்; திறந்தவள் அவள். வந்தவர்கள் என் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. யாரும் அவளை ஒரு சொல் குறை சொன்னதில்லை. அதைப் பற்றி யாரும் அவளோடு பேசியதுமில்லை. அன்றும் நான் பேசவில்லை. சோறு போடவா என்று கேட்டேன்.

பிறகு அவளைக் கதைக்க வைத்து, கதைத்ததையே எழுத வைக்கலாம் என்று முயன்றேன். வீட்டுக்காரம்மாவைப் பற்றி, தண்ணீர்க் குழாயடிச் சண்டையைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வாள். அதையே எழுது என்றால் முகம் இறுகிவிடும். நான் அவளை ஏசுகிற சத்தம் கேட்டு வந்த ஜைபுன்னிசா அம்மா, "பொண்ணு நல்லாத்தானே பேசுது, அத்த ஏன் பேஜார் பண்றே?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். பரீட்சையில் பேச முடியாதே என்றேன்.

கடைசியில் கடைக்காரர் சொன்ன புத்தகத்தையே போய் வாங்கிவந்தேன். சுமதி அதைப் பிடித்துக்கொண்டாள். 'எங்கள் ஊர்' என்ற கட்டுரையில் பசுமையான வயல்கள், கோயில் குளம், அன்பான மக்கள். ஒரே நாளில் பாடமாக்கிப் பிழையில்லாமல் எழுதிக் காட்டினாள். வந்ததிலிருந்து அவளை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததில்லை.

"இதில என்ர ஒண்டுமே இல்லை அம்மா. அதாலதான் சுகமாயிருக்கு" என்றாள்.

கொஞ்ச நாளில் தகப்பனுக்கும் கடிதம் எழுதினாள். கேட்காமலே எழுதினாள். 'அன்புள்ள தந்தையார் அவர்களுக்கு, தங்கள் அன்பு மகள் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். நான் இங்கு நன்கு படித்து வருகிறேன்.' விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் எழுதுவதாக அந்தப் புத்தகத்தில் இருந்த கடிதம் அது. ஊர்ப் பெயரைக்கூட அவள் சேர்க்கவில்லை. தடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய கையெழுத்தையாவது அவர் பார்க்கட்டும் என்று தபாலில் போட்டேன்.

பதில் வர வெகுநாளானது. 'பிள்ளையின் கடிதம் கிடைத்தது. எழுத்துக் கோக்கிற என்னாலேயே ஒரு பிழை பிடிக்க முடியவில்லை. ஆனால் வாசிக்கும்போது யாரோ ஒரு இந்தியப் பிள்ளை தன் தகப்பனுக்கு எழுதியதைப் பிரித்துவிட்டேனோ என்றிருந்தது. பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை, அவளாக இரண்டு வரி எழுதச் சொல்லும்' என்று எழுதியிருந்தார். சுமதியிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தாள். "பிறகு எழுதுறன்" என்றாள்.

எண்பத்தேழில் அங்கே சண்டை மூண்ட பிறகு அவரிடமிருந்து கடிதமே வரவில்லை. நான் போட்டவை போய்ச் சேர்ந்தனவா என்றும் தெரியாது. பின்னால் படகில் வந்தவர்களிடம் விசாரித்தேன். எங்கள் தெருவில் ஆட்கள் இல்லை என்று மட்டும் சொன்னார்கள். சுமதி எழுதுவதாகச் சொன்ன இரண்டு வரியைப் பற்றி நான் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. பத்தாம் வகுப்பில் தேறிவிட்டாள். தமிழில்தான் அதிக மார்க். வீட்டுக்காரம்மா பாயசம் காய்ச்சிக் கொடுத்தார். நாங்கள் இருவரும் குடித்தோம்.

போன மாதம் அவளை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்க்க வேலூருக்குக் கூட்டிப்போனேன். ஜன்னல் ஓரம் அவளும் இந்த ஓரம் நானுமாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஓர் ஆள் இடம் காலியாக இருந்தது. பள்ளிகொண்டாவில், கோயிலுக்குப் போய்த் துளசியோடு வந்த ஒரு பெண் ஏறி, எந்த ஊர் என்று பொதுவாகக் கேட்டார்.

"ஆம்பூருங்க" என்றாள் சுமதி.

"யாழ்ப்பாணம்" என்றேன் நான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தன.

அந்தப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு சுமதியிடம் குனிந்து, "இவங்க உன்கூட வந்தவங்களா?" என்று கேட்டார்.

"எங்கம்மா."

அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவிலேயே உட்கார்ந்துகொண்டார். அவரும் சுமதியும் வேலூர்வரை பேசிக்கொண்டே வந்தார்கள். அந்த ஊர்ப் பேச்சில் பாதி எனக்குப் பிடிபடவில்லை. அவர் தோளுக்கு அப்பால் மகளின் பின்னல் தெரிந்தது. அதற்கும் அப்பால், ஜன்னலுக்கு வெளியே, தண்ணீரில்லாத பாலாறு மணலாகக் கூடவே வந்துகொண்டிருந்தது.