தகரக் கப்பலில் ஒரு சரணாகதி

பினாங்குக் கடலில் நின்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறி ஜப்பான் தளபதி சரணடைந்து கையெழுத்திட்டான் என்ற செய்தி சுங்கைப் பட்டாணி வழியாக எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு வந்தது. அதை நாமும் நடித்துக் காட்ட வேண்டும் என்று அப்பா முடிவு செய்தார். அப்பா பெரிய கிராணி, தோட்டத்து ஆபீஸின் தலைமைக் கணக்கர். வெள்ளைக்காரன் காலத்திலும் பெரிய கிராணி, ஜப்பான்காரனுக்குக் குனிந்து நின்ற காலத்திலும் பெரிய கிராணி. இப்போது புதிய துரை வருகிறார். அவர் கண்ணுக்கு விசுவாசியாகத் தெரிய வேண்டும். இதை எழுதும்போதுகூட எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தோட்டத்து லாரியைச் சுற்றித் தகரம் அடித்துச் சாம்பல் நிறம் பூசினார்கள். தண்ணீர்க் குழாய்கள் பீரங்கிகளாயின. அப்பா வெள்ளை உடுப்பில் ஆங்கிலேயத் தளபதி. சித்தப்பா பக்கத்தில் நின்று கொடி பிடிப்பவர். ஜப்பான் தளபதியாக நடிக்க ஒருவரும் வரவில்லை. அப்பா காளியண்ணனைக் கூப்பிட்டனுப்பினார். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் பிடித்துப்போன எங்கள் ஆட்களில் உயிரோடு திரும்பியவர் அவர். கூடப்போன தம்பி திரும்பவில்லை. வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"உனக்குத்தானே அவன் பாஷை தெரியும். மறுபடியும் வேலை வேணுமா, வேண்டாமா?" என்றார் அப்பா.

அவருக்கு வசனம் சொல்லிக்கொடுத்தது சிறுவனான நான். "தோற்றுவிட்டோம், எங்களை மன்னியுங்கள்" என்று குனிந்து, மரவாளை மேசைமேல் வைக்க வேண்டும். ரப்பர் பால் சேர்க்கும் ஸ்டோர் வாசலில் உட்கார்த்தி அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். "வாத்தியாரே, மரமண்டை லா, அடிச்சிடாதீங்க" என்று சிரித்தார்.

நாடகத்தன்று துரை முன்வரிசையில் இருந்தார். காளியண்ணன் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு ஏறாமல் நின்றார். சயாமுக்கு ஆட்களை ஏற்றிப்போனதும் அதே லாரிதான். பிறகு ஏறி, அப்பாவின் முன்னால் நிமிர்ந்து நின்றார். நான் கீழேயிருந்து வசனத்தை எடுத்துக்கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"கிராணியாரே, உங்க தம்பி இந்தா கொடி புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. அவருக்குப் பதிலா நீங்க ஏத்திவிட்ட என் தம்பி எங்க?"

எனக்கோ என் பாடம் கெட்டுப்போன அவமானம். "அது இல்லண்ணே, தோத்துட்டோம்னு சொல்லுங்க, குனிங்க" என்று கத்தினேன். பயல்கள் சிரித்தார்கள். ரப்பர் கொட்டையை முதலில் எறிந்தவனும் நான்தான். அது அவர் கன்னத்தில் பட்டது.

அவர் குனியவில்லை. வாளை அப்பாவின் காலடியில் போட்டுவிட்டு இறங்கி, மரங்களுக்குள் நடந்து போய்விட்டார். தமிழ் தெரியாத துரை எழுந்து கைதட்டினார். அப்பாவும் தட்டினார். அதனால் எல்லாரும் தட்டினோம்.

காளியண்ணனுக்கு வேலை கிடைக்கவில்லை. அவர் ஏன் தப்பாகச் சொன்னார் என்று அப்பாவிடம் கேட்டேன். "படிக்காதவன்" என்றார். ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது யாரை ஏற்றுவதென்று கைகாட்டியவர் அப்பாதான். படிக்காதவன் என்ற அந்தப் பதிலை நான் வெகுகாலம் நம்பினேன். அப்பாவின் அந்தச் சம்பளத்தில்தான் படித்தேன்.

எல்லாரும் கலைந்த பிறகும் சித்தப்பா மட்டும் லாரியிலேயே நின்றார். கொடிக்கம்பை இரு கையாலும் பிடித்து, அதில் நெற்றியை முட்டுக்கொடுத்திருந்தார். கம்பு கனம் போலிருக்கிறது என்று நினைத்து, நானும் ஏறிப்போய் ஒரு கை கொடுத்தேன்.