சூசையப்பரின் பாதம்

மொன்றியல் அருங்காட்சியகத்தில் பழைய திருக்குடும்ப ஓவியம் ஒன்றுக்குக் காவல் நின்றவர் நம்மவர். முகத்துக்கு முன்னே போகும் மீசை. கைகளை முதுகுக்குப் பின்னால் இறுகக் கட்டியிருந்தார்.

சூசையப்பரின் பாதத்தைத் தொட்டு முத்தமிட என் கை தானாக நீண்டது. எச்சரிக்கை மணி அலறியது.

“தொடாதேங்கோ அண்ணை! இது கோயில் இல்லை.”

“மன்னியுங்கோ. மன்னார்ப் பழக்கம்.”

“நானும் மன்னார்தான். நானே மூண்டுதரம் மணியை அலற வைச்சிட்டன். அதுதான் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறன். இன்னொருக்கா எண்டால் வேலை போயிடும்.”

வாசலில் திரும்பிப் பார்த்தேன். கட்டிய கையோடு, காற்றிலே ஒரு முத்தம் கொடுக்க அவர் குனிந்துகொண்டிருந்தார். மணி மறுபடி அலறியது. மீசைதான் எல்லை தாண்டியிருந்தது.

மேலதிகாரி வருமுன் ஓடிப்போய், சூசையப்பரை நோக்கிக் கையை நீட்டியபடி நின்றேன். மேலதிகாரிக்குக் கேட்கும்படி, மீசைக்காரர் என்னைப் பிரெஞ்சில் மனதார ஏசினார்.