பேர் இல்லாதவளின் கால்

ஆண்டவருக்குப் பிரியமானவர்களே, எனக்குப் பேச வராது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் பிரகாசம் விழுந்து விழுந்து சிரிப்பார். எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் என் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. ஆனாலும் இந்தச் சாட்சியை வீட்டில் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இங்கே நிற்கிறேன்.

மலாய் நாட்டில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. லுக்குட் டவுனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ரப்பர் எஸ்டேட்டில் இருந்தோம். லயத்தைச் சுற்றி முள்வேலி. விடிந்தால்தான் கேட்டைத் திறப்பார்கள். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ மருந்தோ கொண்டுபோகிறோமா என்று ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் பால் வெட்ட வெளியே விடுவார்கள். பெண்களைச் சோதிக்கப் போலீசார் வைத்த ஹலீமா என்ற மலாய்க்காரப் பெண் இருந்தாள். மடி, இடுப்பு, கொண்டை ஒன்றையும் விடமாட்டாள். சிரிக்கவும் மாட்டாள். எனக்குக் கூச்சத்தில் உடம்பே குறுகிப்போகும். இந்தக் காலம் சீக்கிரம் ஒழியட்டும் ஆண்டவரே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நிற்பேன்.

ஒரு வியாழக்கிழமை, பால் வாளியோடு மேட்டிலிருந்து இறங்கும்போது வெட்டிவிட்டிருந்த ஒரு செடியின் கூர்க்கட்டை என் இடது பாதத்தில் ஏறி முறிந்துவிட்டது. பிடுங்கிப் போட்டேன். ரத்தம் கொட்டியது. ஆனால் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களில் இருக்கிற பாலெல்லாம் வீண். துணியைச் சுற்றிக்கொண்டு கடைசி மரம்வரை பால் எடுத்துவிட்டுத்தான் வந்தேன். பால்மரம் வெட்டுகிற யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. விரல்கள் கறுத்தன. கணுக்காலிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறியது. எஸ்டேட்டில் மருந்து கட்டுகிற டிரெசர் வந்து பார்த்தார். கழுவிக் கட்டுப் போட்டார். பிறகு என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசினார். சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடவேண்டும், தாமதித்தால் காலை எடுத்துவிடுவார்கள், அதையும் தாண்டினால் உயிருக்கே ஆபத்து என்றார். எஸ்டேட் ஆள் என்றால் செலவை எஸ்டேட் ஏற்கும். இல்லையென்றால் நாமே கட்டவேண்டும்.

அங்கேதான் எங்கள் தலையில் இடி விழுந்தது. மூன்றாவது பிள்ளை பிறந்தபோது செக்ரோல் என்கிற வேலைப் பதிவிலிருந்து என் பேரை எடுத்துவிட்டார்கள். பிறகு நான் வேலைக்குத் திரும்பினேன். ஆனால் பேர் போடவில்லை. நான் வெட்டிய பாலையும் வீட்டுக்காரர் பாலோடு கூட்டி அவர் பேரிலேயே எடை போடுவோம். பால் கூடினால் அவருக்கு மேல்காசு வரும். எங்கள் லயத்தில் பாதிப் பெண்கள் அப்படித்தான். அதை யாரும் தப்பு என்று நினைக்கவில்லை. எஸ்டேட்டுக்கும் அது சௌகரியமாக இருந்தது.

வீட்டுக்காரர் ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியிடம் ஓடினார். கிராணி ஒரே பேச்சில் முடித்துவிட்டாராம். "பேரு இல்லாத ஆளுக்கு எஸ்டேட் எப்படிலா பொறுப்பு ஏத்துக்கும்?"

சாயந்திரம் ஊரடங்குச் சங்கு ஊதுமுன் எங்களோடு இருந்த இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் வந்து முழங்காலில் நின்றன. சாலை பயமாக இருந்ததால் உபதேசியார் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. எல்லோரும் உரக்க ஜெபித்தார்கள். எனக்கு ஜுரத்தில் வார்த்தை வரவில்லை. கடைக்குட்டி என் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நடை பழகிக்கொண்டிருந்தாள். இவளை யார் தூக்குவார்கள் என்ற ஒரே பயம்தான் எனக்கு. ஆண்டவரே, கிராணியின் மனதை இளகப் பண்ணும் என்று மட்டும் கேட்டேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டேன்.

திங்கட்கிழமை விடிந்ததும் சிவப்பு முழங்காலைத் தாண்டியிருந்தது. வீட்டுக்காரர் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போனார். சிரம்பானுக்குப் போகிற லாரி நின்றது. கிராணி சொல்லாமல் ஏற்றமாட்டேன் என்றார் டிரைவர். அவர் பயம் அவருக்கு. கிராணி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் மனம் இளகவே இல்லை. அந்த நேரம் எஸ்டேட் மானேஜர் துரையின் வண்டி வந்தது. இவள் நம் ஆள் இல்லை என்று கிராணி துரையிடம் சொன்னார். நான் தரையில் கிடந்தேன். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன். ஜெபம்கூட நின்றுவிட்டது.

அப்போது ஹலீமா வரிசையை விட்டு வந்தாள். துரையிடம் மலாயில் பேசினாள். அது எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

"துவான், இந்தப் பொம்பளய தினமும் காலைல நான்தான் சோதிச்சு வெளிய விடுறேன். இவ வேலையாள் இல்லன்னா காட்டு ஓரம் எதுக்குப் போறா? போலீஸ் சார்ஜன் கேட்டா நான் என்ன சொல்றது?"

காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலை இல்லாத ஒருத்தியைத் தினமும் வேலிக்கு வெளியே விட்டது எஸ்டேட் என்றால், அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமா? துரையின் முகம் சிவந்தது. கிராணியைப் பார்த்தார். கிராணி கட்டிய கையை அவிழ்த்துவிட்டார். இவள் எஸ்டேட் ஆள்தான், லாரியில் ஏற்று, செலவு எஸ்டேட்டுடையது என்றார் துரை.

ஆஸ்பத்திரியிலும் பயம் விடவில்லை. டாக்டர் என் தொடையில் மையால் ஒரு கோடு போட்டார். சிவப்பு இதைத் தாண்டினால் காலை எடுக்கவேண்டும் என்று நர்ஸ் விளக்கினாள். ஊசிக்கு ஊசி நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு வேறு ஜெபம் இல்லை. தாண்டவேண்டாம், தாண்டவேண்டாம். சிவப்பு கோட்டை ஒட்டி வந்து நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. ஸ்தோத்திரம் சொல்லி அழுதேன். இரண்டு விரல்கள் போய்விட்டன. கால் தப்பியது. முழு அற்புதம் நடக்கவில்லையே என்று ஒரு சகோதரி பிறகு சொன்னாள். மலைமேட்டில் ஏறி இறங்குகிற கால் இது, வந்து பாரடி என்றேன்.

திரும்பி வந்தபோது பெண்கள் எல்லோருக்கும் தனித்தனியாகப் பேர் போட்டிருந்தார்கள். துரை நியாயத்துக்குச் செய்தாரா, போலீசுக்குப் பயந்து செய்தாரா, எனக்குத் தெரியாது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் மேற்பார்வை மண்டோர் என் பேரைக் கூப்பிட்டார். சொந்தப் பேரைக் கேட்டு, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். வீட்டுக்காரர் முழங்கையால் இடித்த பிறகுதான் பதில் சொன்னேன். ஹலீமா அன்றைக்கும் என் கொண்டைவரை அவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். நான் நெளியவில்லை.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது நோய் ஏறிக்கொண்டிருக்கலாம். வைத்தியத்துக்கு வழியில்லாமல் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழலாம். அழுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். ஆண்டவரிடம் கேளுங்கள். துரையிடமும் கேளுங்கள், கிராணியிடமும் கேளுங்கள். யாருடைய மனதை இளக்கவேண்டும் என்று மட்டும் ஆண்டவருக்கு வழி சொல்லிக் கொடுக்காதீர்கள். நான் ஒருவர் பேரைச் சொன்னேன். ஆண்டவர் வேறொருத்தியின் வாயைத் திறந்தார்.